அப்பா என்னும் அந்நியச் சொல்

தமிழ் வேதாகமத்தின் புதிய ஏற்பாட்டில் மூன்றே மூன்று இடங்களில் ‘அப்பா பிதாவே’ என்று ஒரு விளி வருகிறது. மாற்கு எழுதின சுவிசேஷத்தில் ஒரு தடவை. பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தில் ஒரு தடவை. கலாத்தியருக்கு எழுதினதில் ஒரு தடவை. வாசிக்கிற தமிழர்கள் அந்த இடத்தில் நின்று யோசிப்பதில்லை. அப்பா என்றாலும் தகப்பன். பிதா என்றாலும் தகப்பன். ‘நடுமத்தி’ என்றும் ‘கேட்டுக் கதவு’ என்றும் நாம் சொல்வதில்லையா? அதுபோல அழுத்தத்துக்காக ஒரே பொருளை இரண்டு தரம் சொல்லியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு மேலே போய்விடுகிறோம். ஒன்று வீட்டில் சொல்வது, மற்றது கோயிலில் சொல்வது. அவ்வளவுதானே!

விஷயம் அவ்வளவு எளிதல்ல. அந்த இரண்டு சொற்களில் இரண்டாவதுதான் மொழிபெயர்ப்பு. முதல் சொல் மொழிபெயர்க்கப்படவே இல்லை. அந்த ‘அப்பா’ தமிழ் அப்பா அல்ல. அரமேய மொழிச் சொல். ‘ரப்பர்’ என்று சொல்லும்போது வருகிறதே, அந்தப் பகரத்தின் ஒலியோடு அதை உச்சரிக்க வேண்டும். சுவிசேஷத்தைக் கிரேக்கத்தில் எழுதினவர்கள் அந்தச் சொல்லை அப்படியே விட்டார்கள். கிரேக்கத்திலிருந்து தமிழாக்கியவர்களும் அப்படியே விட்டார்கள். 

இதே புஸ்தகத்தில் வேறு சில அரமேயச் சொற்களும் உண்டு. ‘தலீத்தா கூமி’, ‘எப்பத்தா’, ‘எலோயீ எலோயீ லாமா சபக்தானி’ என்பவை அவற்றில் சில. அவையெல்லாம் ரயில் பெட்டியில் ஏறிவிட்ட வெள்ளைக்காரர்களைப்போல, பார்த்தவுடனேயே அந்நியம் என்று தெரிந்துவிடும். ‘அப்பா’ மட்டும் வேஷ்டி கட்டிக்கொண்டு வந்து நம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. ஊர் எது என்று யாரும் விசாரிக்கவில்லை. அந்த விசாரணையைத்தான் இங்கே செய்யப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சபலத்தை விலக்கிவிட வேண்டும். அரமேயத்தில் அப்பா, தமிழிலும் அப்பா. ஆகவே அது இங்கிருந்து போனதா, அங்கிருந்து வந்ததா என்று கேட்கத் தோன்றும். இப்படிப்பட்ட ஒற்றுமையை வைத்துக்கொண்டு பெரிய கோட்டைகளைக் கட்டியவர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் பச்சைக் குழந்தைக்கு முதலில் வசப்படும் ஒலிகள் உதட்டைச் சேர்த்துத் திறந்தால் வருகிற மகரமும் பகரமும்தான். குழந்தை தனக்குத் தானே ‘அப் அப்’ என்கிறது. ‘மம் மம்’ என்கிறது. பக்கத்தில் இருக்கிற பெரியவர்கள், ‘என்னைத்தான் கூப்பிடுகிறது!’ என்று பூரித்துப் போகிறார்கள். உலகத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல மொழிகளில் அம்மாவும் அப்பாவும் ஒரே மாதிரி ஒலிப்பதற்கு இதுதான் காரணம் என்று ரோமன் யாக்கப்ஸன் என்ற மொழியியல் அறிஞர் விளக்கியிருக்கிறார். காக்கேசிய மலை நாட்டு ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தகப்பன் என்பதையும் இதோடு சேர்த்து நினைத்துக்கொண்டால், ஒலியை நம்பிச் சம்பந்தம் பேசுவது எவ்வளவு அபாயம் என்பது புரியும். ஆகவே பூர்வீக உறவு வேண்டாம். ஒலியில் ஒன்றுபோல இருக்கிற இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். அதுவே நமக்குப் பின்னால் பெரிய உதவி செய்யப் போகிறது.

அரமேயம் என்பது என்ன பாஷை? இன்றைய சிரியா தேசத்தில் வாழ்ந்த அரமேயர்களின் பேச்சு அது. அவர்கள் பெரிய சாம்ராஜ்யம் எதையும் ஸ்தாபிக்கவில்லை. ஆனால் அவர்களை வென்ற அசீரியரும், அவர்களுக்குப் பின்வந்த பாபிலோனியரும், அவர்களையும் வென்ற பாரசீகரும் ஒருவர் பின் ஒருவராக இந்தத் தோற்றவர்களின் பாஷையையே காரியாலய பாஷையாக எடுத்துக்கொண்டார்கள். எகிப்திலிருந்து இந்தியாவின் வாசல் வரையில் குமாஸ்தாக்கள் அரமேயத்தில் கணக்கு எழுதினார்கள். நம் அசோகச் சக்கரவர்த்திகூட அந்தப் பாஷையை விட்டுவிட முடியவில்லை. ஆப்கானிஸ்தானத்தில் கந்தகார் நகருக்கு அருகே 1958-ல் கண்டுபிடித்த அவருடைய பாறைச் சாசனத்தில் மேலே கிரேக்கமும் கீழே அரமேயமும் இருக்கின்றன. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய பூஜை மொழியான சுரியானியும் அரமேயத்தின் கிளைதான்.

எபிரெயம் வேதத்தின் மொழியாக நிற்க, யூத நாட்டின் வீடுகளிலும் சந்தைகளிலும் பெரும்பாலும் அரமேயம் புழங்கிற்று. கலிலேயாவின் ஒரு தச்சர் வீட்டில் வளர்ந்த பிள்ளை தாயிடமும் தகப்பனிடமும் பேசியது இந்தப் பாஷையில்தான். ‘அப்’ என்றால் தகப்பன். ‘அப்பா’ என்றால் ‘அந்தத் தகப்பன்’ என்றும் பொருள். ‘தகப்பனே’ என்று கூப்பிடுவதற்கும் அதுவேதான்.

இனி, அந்தச் சொல் வருகிற இடத்தைப் பார்ப்போம்.

எருசலேமுக்கு வெளியே கெத்செமனே என்ற தோட்டம். எண்ணெய்ச் செக்கு என்பது அந்தப் பெயரின் பொருள். இரவு. பிடித்துக்கொண்டு போக ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். பேதுரு, யாக்கோபு, யோவான் என்ற மூன்று பேரை விழித்திருக்கச் சொல்லிவிட்டு, இயேசு சற்று அப்பால் போய்த் தரையிலே விழுந்து பிரார்த்திக்கிறார். இந்தக் கஷ்டம் தன்னை விட்டு நீங்கக்கூடாதா என்று கேட்கிறார். கேட்டுவிட்டு, தன் விருப்பப்படி வேண்டாம், உம் விருப்பப்படியே ஆகட்டும் என்று முடிக்கிறார். அந்தப் பிரார்த்தனையின் முதல் சொல் ‘அப்பா’.

கதை எழுதுகிறவனுக்கு இங்கே ஒரு கேள்வி எழாமல் இருக்காது. காவலுக்கு வைத்த மூன்று பேரும் தூங்கிப்போனார்கள் என்று மாற்குவே எழுதுகிறார். அப்படியானால் அந்தப் பிரார்த்தனையைக் கேட்டது யார்? இந்தக் கேள்வியை வெகு காலமாகவே கேட்டிருக்கிறார்கள். தூக்கம் கண்ணை அழுத்துவதற்கு முன்னால் முதல் வார்த்தை மட்டும் காதில் விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. அது சரித்திரம் அல்ல, கதைக்காரனின் ஆசை. சரித்திரம் நமக்குத் தருவது வேறு ஒரு சாட்சியம். மாற்கு மற்ற அரமேயச் சொற்கள் பலவற்றை எழுதும்போது, ‘இதற்கு இன்ன அர்த்தம்’ என்று பக்கத்திலேயே விளக்கம் சொல்லுகிறார். ‘அப்பா’ வரும்போது அந்த விளக்க வாக்கியம் இல்லை. கிரேக்கத்தில் பிதா என்று அடுத்தாற்போல வைத்துவிட்டுப் போய்விடுகிறார். மத்தேயுவும் லூக்காவும் இதே காட்சியை எழுதுகிறார்கள். ஒருவர் ‘என் பிதாவே’ என்கிறார். மற்றவர் ‘பிதாவே’ என்கிறார். அவர்கள் கையில் ‘அப்பா’ உதிர்ந்துவிட்டது. மாற்கு மட்டும் அதைக் கீழே போட மனசில்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இருபதாம் நூற்றாண்டில் பண்டிதர்கள் பெரிய விவகாரம் நடத்தினார்கள். யோவாக்கிம் யெரமியாஸ் என்ற ஜெர்மானியப் பேராசிரியர், ‘அப்பா’ என்பது குழந்தையின் மழலையில் பிறந்த சொல், யூதர்கள் கடவுளை அப்படிக் கூப்பிடத் துணிந்ததில்லை, இயேசுதான் முதலில் கூப்பிட்டார் என்று வாதித்தார். அதைப் பிடித்துக்கொண்டு பிரசங்கிகள், ‘சின்னக் குழந்தை தகப்பன் மடியில் ஏறிக்கொண்டு கொஞ்சுகிற வார்த்தை இது’ என்று உருகினார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்று யெரமியாஸே பிற்பாடு சொல்லிக்கொண்டார். 1988-ல் ஜேம்ஸ் பார் என்ற அறிஞர் ஒரு கட்டுரை எழுதி அந்த உருக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார். வயது வந்தவர்களும் தகப்பனை அப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். மழலை என்பதற்கு ஆதாரம் இல்லை. குழந்தைப் பேச்சு என்றால் கிரேக்கத்தில் அதற்கென்று தனிச் சொல் இருந்திருக்குமே, அதை ஏன் மாற்கு போடவில்லை என்று கேட்டார்.

இந்த விவகாரத்தைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் வீட்டுச் சொல் ஒன்று, மரியாதைச் சொல் ஒன்று என்று தனித்தனியாக இருப்பதால் அவர்களுக்கு இந்தச் சங்கடம். ஒன்று மழலையாக இருக்கவேண்டும், அல்லது கம்பீரமாக இருக்கவேண்டும். தமிழனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இரண்டு வயதுக் குழந்தை அப்பா என்கிறது. அறுபது வயதில் பென்ஷன் வாங்குகிற பிள்ளை, எண்பத்தைந்து வயதுக் கிழவரின் கட்டிலருகே நின்று, ‘அப்பா, மருந்து சாப்பிட்டாயிற்றா?’ என்கிறார். சொல் மாறவில்லை. சில வீடுகளில் ‘அப்பா, வா’ என்கிறார்கள்; சில வீடுகளில் ‘அப்பா, வாங்க’ என்கிறார்கள். அப்பொழுதும் சொல் மாறவில்லை. கொஞ்சலும் பயமும் சண்டையும் மரியாதையும் ஒரே சொல்லுக்குள் இடித்துக்கொள்ளாமல் குடியிருக்க முடியும் என்பது நமக்குத் தெரிந்த சங்கதி. கெத்செமனேயில் முப்பது வயது கடந்த ஒரு மனிதர் சாவுக்கு முந்தின இரவில் சொன்ன அப்பா, நம் அப்பாவைப் போன்றதுதான். மழலையும் அல்ல; மந்திரமும் அல்ல. இரண்டு சொற்களின் ஒலி ஒற்றுமை தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயலால் தமிழ் வாசகனுக்கு ஐரோப்பியப் பண்டிதனைவிடச் சீக்கிரமாக விஷயம் புரிகிறது.

யூதர்கள் யாருமே கடவுளைத் தகப்பனாக நினைத்துப் பேசவில்லை என்பதும் சரியல்ல. தல்மூத் என்ற யூத நூலில் இரண்டு மழைக் கதைகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் இந்தச் சொல்லின் சரித்திரத்தைச் சொல்ல முடியாது.

கிறிஸ்துவுக்கு முந்தின நூற்றாண்டில் ஓனி என்று ஒரு மனிதர் இருந்தார். மழை பெய்யாத ஒரு வருஷம் தரையிலே ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் நின்றுகொண்டு, மழை பெய்தாலொழிய வெளியே வரமாட்டேன் என்று கடவுளிடம் அடம் பிடித்தார். தூறல் விழுந்தது. இது போதாது என்றார். பேய்மழை கொட்டிற்று. இதையும் நான் கேட்கவில்லை, நல்ல மழையாகப் பெய்யட்டும் என்றார். அப்படியே பெய்தது. அந்தக் காலத்துத் தலைமைப் பண்டிதருக்குக் கோபம். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் விலக்கி வைத்திருப்பேன். உன்னை என்ன செய்வது, தகப்பனிடம் செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளை மாதிரி நீ அவனிடம் கேட்கிறாய், அவனும் கொடுத்துவிடுகிறான் என்று சொல்லி அனுப்பினார். அந்தப் பிள்ளை என்னென்ன கேட்கும் என்று ஒரு பட்டியலும் தல்மூதில் உண்டு. அப்பா, வெந்நீரில் குளிப்பாட்டு என்கிறது; பிறகு தண்ணீரை ஊற்று என்கிறது; வாதுமை கொடு, மாதுளை கொடு என்கிறது; எல்லாம் கிடைக்கிறது.

ஓனியின் முடிவு இந்தக் கதைபோல் இனிமையானது அல்ல. கி.மு. 65-ஐ ஒட்டி, அரசுரிமைக்காக அண்ணன் தம்பிகள் இருவர் போரிட்டார்கள். தம்பியின் கட்சி எருசலேம் ஆலயத்துக்குள் முற்றுகையில் இருந்தது. வெளியே இருந்தவர்கள் ஓனியை இழுத்து வந்து, உள்ளே இருப்பவர்களைச் சபிக்கச் சொன்னார்கள். அவரோ, இவர்களும் உன் ஜனங்கள், அவர்களும் உன் ஜனங்கள், இவர்கள் அவர்களுக்கு எதிராகக் கேட்பதையும் கொடுக்காதே, அவர்கள் இவர்களுக்கு எதிராகக் கேட்பதையும் கொடுக்காதே என்று பிரார்த்தித்தார். கல்லெறிந்து கொன்றுவிட்டார்கள். ஜோசீபஸ் என்ற யூத சரித்திராசிரியர் இதை எழுதி வைத்திருக்கிறார். செல்லப் பிள்ளை என்று பெயர் வாங்கியவர், தகப்பனுக்கு எல்லாரும் பிள்ளைகள் என்பதை மறக்காததால் உயிரை விட்டார்.

ஓனியின் மகள் வயிற்றுப் பேரர் ஒருவர். அனான் என்று பெயர். கூச்ச சுபாவம் உள்ளவர். ஒளிந்துகொள்ளுகிறவர் என்றே அவருக்குப் பட்டப்பெயர். மழை இல்லாத காலத்தில் பண்டிதர்கள் தாங்கள் போய்க் கேட்காமல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அவரிடம் அனுப்புவார்களாம். பிள்ளைகள் அவர் அங்கியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அப்பா, அப்பா, மழை கொடு என்று கேட்பார்களாம். அவர் வானத்தைப் பார்த்து, ஆண்டவனே, மழை கொடுக்கிற அப்பாவுக்கும் மழை கொடுக்க முடியாத அப்பாவுக்கும் வித்தியாசம் தெரியாத இந்தக் குழந்தைகளுக்காகவாவது இரங்கு என்று வேண்டிக்கொள்வாராம்.

இந்தக் கதையில் அப்பா என்ற சொல் மூன்று வேலை செய்கிறது. பெற்ற தகப்பனைக் குறிக்கும் சொல்லை, பிள்ளைகள் ஊர்ப் பெரியவரிடம் மரியாதையாகச் சொல்லுகிறார்கள். பெரியவர் அதை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் மேலே அனுப்பிவிடுகிறார். நமக்கு இது புதிதல்ல. சீகாழியில் திருஞானசம்பந்தர் என்ற சிறுபிள்ளை, தன் காலில் விழுந்த முதியவரை ‘அப்பரே’ என்று அழைக்க, திருநாவுக்கரசர் அன்றுமுதல் அப்பர் ஆனார். சொந்தமில்லாதவரைச் சொந்தமாக்க அப்பா என்ற ஒரு சொல் போதும்.

போதும் என்றால், அதை யார் வேண்டுமானாலும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிவிடலாமா? அங்கேதான் இந்தச் சொல்லின் சரித்திரம் சூடு பிடிக்கிறது.

அரமேயம் பேசிய யூதர்களிடையே ‘அப்பா’ ஒரு பட்டமாகவும் இருந்தது. சில பண்டிதர்களின் பேருக்கு முன்னால் அப்பா என்று சேர்த்து, அப்பா சவுல் என்பதுபோல் அழைத்தார்கள். வெறும் பேராகவும் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் எருசலேமில் கண்டுபிடித்த ஒரு கல்லறைக் குகையின் சுவரில் அப்பா என்ற ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. எருசலேமில் பிறந்தவன், துன்பப்பட்டவன், பாபிலோனுக்குத் துரத்தப்பட்டவன், ஒரு மனிதரின் எலும்புகளைத் திரும்பக் கொண்டுவந்து, நான் வாங்கின குகையில் அடக்கம் செய்தேன் என்பது அதன் சாரம். பரபாஸ் என்ற பெயரும் இதில் சேர்ந்ததே. ‘பர்’ என்றால் மகன். பர் அப்பா என்றால் அப்பாவின் மகன். பஸ்கா பண்டிகையில் யாரை விடுதலை செய்ய என்று ரோமானிய அதிகாரி கேட்டபோது ஜனங்கள் கேட்டு வாங்கிக்கொண்டது இந்தப் பரபாஸைத்தான். சில பழைய பிரதிகளில் அவன் பெயர் இயேசு பரபாஸ் என்றே இருக்கிறது. குற்றவாளிக்கு அந்தப் பெயர் பொருந்தாதே என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகன் என்ற மகா பண்டிதர் முகம் சுளித்தார். இருவர் நிற்கிறார்கள். ஒருவர் முந்தின இரவு அப்பா என்று கூப்பிட்டவர். மற்றவன் பேரிலேயே அப்பாவின் மகன். ஜனங்கள் பேருள்ளவனைத் தேர்ந்துகொண்டார்கள். எந்த நாவலாசிரியனும் கற்பனையாக எழுதத் துணியாத பொருத்தம் இது.

பட்டமாகவும் பேராகவும் இப்படிச் சகஜமாகப் புழங்கின சொல்லுக்கு ஒரு வேலியும் இருந்தது. அடிமைகளை அப்பா இன்னார் என்றும், அடிமைப் பெண்களை இம்மா இன்னார் என்றும் அழைக்கலாகாது என்று தல்மூதில் ஒரு விதி காண்கிறது. இம்மா என்றால் அம்மா. உடனே அடுத்த வரியில் ஒரு விலக்கும் சொல்லப்படுகிறது: ரப்பான் கமாலியேல் என்ற பெரியவர் வீட்டில் மட்டும் அப்படி அழைத்தார்கள். இந்தக் கமாலியேலிடம் தபி என்று ஓர் அடிமை இருந்தான். அவன் இறந்தபோது கமாலியேல் துக்கம் விசாரிக்க வந்தவர்களை ஏற்றுக்கொண்டார். அடிமைக்காகத் துக்கம் கேட்டுக்கொள்ளக் கூடாது என்று நீங்கள்தானே கற்பித்தீர்கள் என்று சீடர்கள் கேட்டார்கள். தபி மற்றவர்களைப் போன்றவன் அல்ல, நல்லவன் என்று அவர் பதில் சொன்னார். சட்டத்தைப் போதித்தவரே தம் வீட்டுக்குள் அதைக் கடைப்பிடிக்க முடியாமல் தவித்த இந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

ரோமானியச் சட்டத்திலோ இந்தத் தவிப்புக்கும் இடமில்லை. சட்டத்தின் கண்ணில் அடிமைக்குத் தகப்பனே கிடையாது. அவன் பெற்ற பிள்ளைக்கும் அவன் தகப்பன் அல்ல. எவ்வளவு வயதானாலும் எஜமான் அவனைக் கூப்பிடுவது லத்தீனில் ‘பையா’ என்றுதான். நரைத்த தலையைப் பார்த்துப் பையா என்று அதட்டுகிற குரலை நம் ஊர்ப் பண்ணைகளிலும் கேட்டவர்கள் உண்டு. ஆகையால் இதற்கு நான் வியாக்கியானம் எழுத வேண்டியதில்லை.

இந்த ரோமுக்குத்தான் பவுல் கி.பி. 57-ஐ ஒட்டிய ஒரு வருஷத்தில் ஒரு நிருபம் அனுப்பினார். கலாத்தியருக்கு அதற்குச் சில வருஷங்கள் முன்னதாகவே எழுதிவிட்டார். மாற்குவின் சுவிசேஷம் கி.பி. 70-ஐ ஒட்டியதுதான். ஆகவே எழுத்தில் நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய ‘அப்பா’ பவுலின் கடிதங்களில் இருப்பது. கலாத்தியர் இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில் இருந்தவர்கள். அரமேயத்துக்கும் அவர்களுக்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை. ரோமில் இருந்தவர்கள் பேசியதும் கிரேக்கமும் லத்தீனும்தான். அவர்கள் பிரார்த்தனையில் இந்த அந்நியச் சொல்லைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று பவுல் எழுதுகிறார். யாரோ சொல்லிக் கொடுத்தது, நாவில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அர்த்தம் தெரியாமல் போய்விடக் கூடாது என்று பக்கத்திலே கிரேக்கச் சொல்லையும் சேர்த்துச் சொன்னார்கள். ‘அப்பா பிதாவே’ என்ற இரட்டைச் சொல் பிறந்த விதம் அது. ஒன்று கேட்ட குரல். மற்றது அதன் பொருள்.

பவுல் அந்தச் சொல்லை எங்கே வைக்கிறார் என்பது முக்கியம். அடிமைத்தனத்தின் மனப்பான்மை ஒன்று, பிள்ளையின் மனப்பான்மை ஒன்று என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி, நீங்கள் பிள்ளைகள், ஆகையால்தான் அப்பா என்கிறீர்கள் என்று வாதிக்கிறார். அதுவும் பெற்ற பிள்ளைகள் அல்ல, சுவீகாரப் பிள்ளைகள். தமிழ் மொழிபெயர்ப்பில் இங்கே ‘புத்திர சுவிகாரம்’ என்றே போட்டிருக்கிறார்கள். பழைய குடும்பத்தின் கட்டு அறுந்து, புதிய வீட்டின் பெயரும் சொத்தும் உரிமையாவது நம் சுவீகாரத்துக்கும் ரோமானியச் சுவீகாரத்துக்கும் பொதுவான அம்சம்.

அந்தக் கடிதம் வாசிக்கப்பட்ட சமயத்தில் ரோமில் சிம்மாசனத்தில் இருந்தவன் யார்? நீரோ. அவனே சுவீகாரப் பிள்ளை. கிளாடியஸ் சக்கரவர்த்தி தனக்குச் சொந்தப் பிள்ளை இருக்கும்போதே, மனைவியின் முதல் தாரத்துப் பிள்ளையான நீரோவை கி.பி. 50-ல் சுவீகாரம் எடுத்தார். 54-ல் நீரோ பட்டத்துக்கு வந்தான். அடுத்த வருஷம் சொந்தப் பிள்ளை பிரிட்டானிக்கஸ் விருந்தில் மாண்டான். விஷம் என்று சரித்திராசிரியர்கள் எழுதுகிறார்கள். சுவீகாரம் என்ற சொல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை அந்த ஊரில் தெருவில் போகிறவனுக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடிதத்தின் கடைசியில் வாழ்த்துச் சொல்லுகிறவர்களில் தெர்தியு என்பவர் ஒருவர். பவுல் சொல்லச் சொல்ல எழுதின கை அவருடையது. குவர்த்து என்பவர் இன்னொருவர். மூன்றாமவன், நாலாமவன் என்பது அந்தப் பெயர்களுக்குப் பொருள். அடிமைகளிடையே இப்படிப்பட்ட பெயர்கள் சகஜம். ரோமில் யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் அந்தக் கடிதத்தை உரக்க வாசித்திருப்பார்கள். சுவரோரமாகத் தண்ணீர்க் குடத்தோடு நின்றவனும் கேட்டிருப்பான். சட்டப்படி தகப்பன் இல்லாதவன், பையா என்ற அழைப்புக்கே ஓடி வந்து பழகியவன், எஜமானோடு ஒரே கூடத்தில் நின்று, எஜமான் சொல்லுகிற அதே சொல்லைச் சொல்லலாம் என்று கேட்கிறான். அவன் அடிமைத்தனம் அன்றைக்கு நீங்கிவிடவில்லை. கூட்டம் கலைந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டுதான் போயிருப்பான். கிறிஸ்தவ தேசங்கள் அடிமை வியாபாரத்தை விடுவதற்கு இன்னும் எத்தனையோ நூற்றாண்டுகள் ஆயின. ஆனால் கொடுத்துவிட்ட சொல்லை யாரும் திரும்ப வாங்க முடியவில்லை.

நாலாம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்துக்குத் துறவிகள் போனபோது இந்தச் சொல்லும் கூடப் போயிற்று. மூத்த துறவியை அப்பா என்று அழைத்தார்கள். பெண் துறவிகள் அம்மா ஆனார்கள். தமிழாக்கவே தேவையில்லாமல், அதே அம்மா. அம்மா சாராள், அம்மா தெயொதோரா என்று பெயர்கள் நிற்கின்றன. அந்த அப்பாக்களில் ஒருவர் மோசே. எத்தியோப்பியர், கறுப்பர், ஓர் அதிகாரியின் வீட்டில் அடிமை, திருட்டுக்காகத் துரத்தப்பட்டுக் கொள்ளைக் கூட்டத்துக்குத் தலைவரானவர். கடைசியில் துறவியாகி, அப்பா மோசே என்று பேர் பெற்றார். குற்றம் செய்த ஒரு துறவியை விசாரிக்க ஒருமுறை சபை கூடிற்று. மோசே, தண்ணீர் நிரம்பிய ஓட்டைக் குடத்தைச் சுமந்துகொண்டு வந்தார். இது என்ன என்றார்கள். என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டு வருகின்றன, எனக்குத் தெரியவில்லை, நான் பிறத்தியான் குற்றத்தை விசாரிக்க வந்தேன் என்றார். விசாரணை அத்தோடு நின்றது. அடிமையை அப்பா என்று அழைக்கலாகாது என்று எழுதப்பட்ட சொல் அது!

பிற்பாடு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி எழுதின மடத்து விதிகளில், மடத்தின் தலைவருக்கு இந்தப் பெயர் பவுலின் வசனத்திலிருந்து வந்தது என்றே சொல்லியிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஆபட்’, பிரெஞ்சில் ‘அபே’ எல்லாம் அந்த அப்பாவின் பேரப்பிள்ளைகள். மடத்துக்கு நிலம் சேர்ந்தது. நிலத்தோடு அதிகாரம் சேர்ந்தது. பிரான்சில் மடத்தின் வாசலையே மிதிக்காத பிரபுக்களுக்கு ராஜா அந்தப் பட்டத்தை வருமானத்துக்காக வழங்கினார். முதல் மந்திரியாக இருந்து நாட்டையே ஆட்டி வைத்த ரிஷ்லியூ, க்ளூனி என்ற மகா மடத்துக்கும் அப்பாதான். பூமியில் ஒருவரையும் பிதா என்று பட்டம் கொடுத்து அழைக்காதேயுங்கள் என்ற கருத்தில் மத்தேயுவில் ஓர் எச்சரிக்கை உண்டு. எந்தச் சொல்லும் பட்டமாகிவிட்டால் என்ன கதி ஆகும் என்பது சொன்னவருக்குத் தெரிந்திருக்கிறது.

தரங்கம்பாடியில் 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்த காலம்முதல் எத்தனையோ மொழிபெயர்ப்புகள் தமிழில் வந்துவிட்டன. பிதாவே என்பது சில புதிய பதிப்புகளில் தந்தையே என்று மாறிற்று. அப்பா மாறவில்லை. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிராது. தமிழாகவே அல்லவா இருக்கிறது! மற்ற தேசத்தார் இந்தச் சொல்லைப் புஸ்தகத்தில் பார்த்து, அகராதியில் பொருள் தேடி, பண்டிதர்களின் சண்டையைக் கடந்து வரவேண்டும். நமக்கு வீட்டு வாசலிலேயே நிற்கிறது. அதனால் அந்தச் சொல்லின் பொருள் நமக்குக் கஷ்டமில்லை. அதைச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்பதுதான் பாலைவனத்து மோசேயின் காலத்தில் எப்படிக் கஷ்டமாக இருந்ததோ, அப்படியே இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது. கூடத்துச் சுவரோரம் குடத்தோடு நிற்கிறவனுக்கும் அதில் பாத்தியதை உண்டு என்று ஒப்புக்கொள்ளுகிறவர்கள்தான் அந்தச் சொல்லைச் சரியாக வாசித்தவர்கள் என்பது என் எண்ணம்.